இயந்திரப் பொறியியலில் கேட் கோப்பு வடிவங்கள்: எந்த வேலைக்கு எந்தக் கோப்பு?

கணினியில் வரைந்த ஓர் இயந்திரப் பாகத்தைச் சேமித்து வைக்கவும், இன்னொரு கணினிக்கோ இயந்திரத்துக்கோ அனுப்பவும் பயன்படும் எழுத்து முறையே கேட் கோப்பு வடிவம் எனப்படும். கணினிவழி வடிவமைப்பைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து "கேட்" ஆயின. தமிழ்க் காதுக்கு அது "கேட்க" என்னும் சொல்லை நினைவூட்டுவது ஒரு வேடிக்கை. பொருத்தமும்கூட: கோப்பை அனுப்புவதற்கு முன் "உங்களுக்கு எந்த வடிவத்தில் வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். ஆனால் இதே மாவட்டத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பகுதிகளும் உள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இலும், டைம்லர் லாரி ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் உற்பத்திக்கு வந்தன. பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று டிப்ளமோ முடித்து அந்தப் பக்கம்தான் பேருந்து ஏறுகிறார்கள்.

இப்படிப்பட்ட தொழிற்பகுதியில் ஒரு கோப்பு எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். வண்டி நிறுவனம் ஒரு பாகத்தின் கோப்பை முதல்நிலை வழங்குநருக்கு அனுப்புகிறது. அவர் அதை டை செய்யும் பட்டறைக்குத் தருகிறார். டை பட்டறை, வயர்கட் இயந்திரம் வைத்திருக்கும் இன்னொரு சிறு பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறது. நான்கு கை மாறுவதற்குள் நான்கு மென்பொருள்கள். இடையில் கோப்பு சிதைந்தால் நட்டம் பெரும்பாலும் கடைசிக் கையில்தான் விழும். கடனுக்கு எஃகு வாங்கி, இரவு ஷிப்டு ஓட்டி வெட்டிய பாகம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தால் அந்தச் சிறு பட்டறைக்கு அந்த மாத வருமானமே போய்விடும். ஆகவே கோப்பு வடிவம் என்பது மென்பொருளில் "சேமி" என்று அழுத்தும்போது வரும் பட்டியல் மட்டும் அன்று.

== தறியில் உள்ள பாடம் ==

இயந்திரப் பாகங்களுக்குப் போவதற்கு முன் பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தறி ஒன்றைப் பார்த்துவிடலாம். கோப்பு வடிவம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய அமைப்பு இது. காஞ்சித் தறிகளில் இது வருவதற்கு முன் "அடை" என்னும் நூல்கட்டு முறையில்தான் உருவங்களை எடுத்தார்கள். ஜக்கார்டில் துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கும். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி அதன் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். அன்னமும் மயிலும் யாளியும் இந்தத் துளை உண்டு, இல்லை என்ற கணக்கில்தான் சேலையில் வந்து உட்காருகின்றன.

அட்டை குத்துவதற்கு முன் உருவத்தைக் கட்டத்தாளில் வரைவார்கள். 240 கொக்கி கொண்ட பெட்டிக்கு 480 ஊடை நீளமுள்ள ஓர் உருவம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,15,200 கட்டங்கள். இதைக் கணினியில் ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் என்ற கணக்கில் பிட்மேப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 15 ஆயிரம் பைட்டுதான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைவிடப் பல மடங்கு சிறியது.

இதே உருவத்தை ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் என்ன ஆகும்? ஜேபெக், நிழற்படங்களுக்காக ஆன வடிவம். இடத்தைக் குறைப்பதற்காக, கண்ணுக்குத் தெரியாத அளவில் நிறங்களைக் கலந்துவிடும். சிவப்பும் மஞ்சளும் சந்திக்கும் ஓரத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட பத்துப் பதினைந்து நிறங்கள் முளைத்துவிடும். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். ஆனால் தறிக்கு அது புரியாது. பாதி தூக்கிய இழை என்று ஒன்று கிடையாதல்லவா? யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டும். படம் பார்க்க ஏற்ற கோப்பு, பொருள் செய்ய ஏற்ற கோப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் அளவு பற்றியது. ஓர் அங்குலத்தில் பாவு இழையும் ஊடை இழையும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டியதில்லை. எனவே திரையில் நீள்வட்டமாகத் தெரியும் ருத்ராட்சம் துணியில் சரியான வட்டமாக வரலாம். விவரம் தெரியாத ஒருவர் "படம் நசுங்கியிருக்கிறதே" என்று திரையில் இழுத்து வட்டமாக்கினால், துணியில் அது நசுங்கிவிடும். கோப்புக்குள் கட்டங்களின் எண்ணிக்கை இருக்கிறது; ஆனால் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது இல்லை. அந்தச் செய்தி கோப்புக்கு வெளியே, நெசவாளரின் தலைக்குள் இருக்கிறது. இயந்திரப் பொறியியலிலும் இதே விபத்து நடக்கும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

== ஒரே பாகம், மூன்று வகைக் கோப்பு ==

கேட் கோப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, கோப்புக்குள் எதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது நல்லது. அப்படிக் கேட்டால் முப்பரிமாணக் கோப்புகள் மூன்று வகையில் அடங்கிவிடும்.

முதல் வகையில் பாகத்தைச் செய்த முறை முழுவதும் இருக்கும். முதலில் 80 மி.மீ. சதுரம் வரை, 20 மி.மீ. உயர்த்து, நடுவில் 50 மி.மீ. துளையிடு, ஓரங்களை 3 மி.மீ. ஆரத்தில் மழுக்கு என்ற வரிசை அப்படியே பதிவாகியிருக்கும். சாலிட்ஒர்க்ஸ், கட்டியா, க்ரியோ, என்எக்ஸ், இன்வென்டர், ஃப்ரீகேட் ஒவ்வொன்றும் தனக்கென வைத்திருக்கும் சொந்தக் கோப்புகள் இவ்வகை. இரண்டாவது வகையில் செய்முறை இருக்காது. முடிந்த வடிவத்தின் எல்லைப் பரப்புகள் மட்டும் துல்லியமான கணிதச் சமன்பாடுகளாக இருக்கும். ஸ்டெப், ஐஜிஇஎஸ், பாராசாலிட் ஆகியவை இவ்வகை. மூன்றாவது வகையில் சமன்பாடும் இருக்காது. பரப்பு முழுவதும் சிறு சிறு முக்கோணங்களாக ஒட்டப்பட்டிருக்கும். எஸ்டிஎல், 3எம்எஃப் ஆகியவை இவ்வகை.

வரதராசப் பெருமாள் கோயில் குடலை இட்லியை வைத்துச் சொல்வதானால், முதல் வகை செய்குறிப்பு. மிளகைக் கூட்டலாம், சுக்கைக் குறைக்கலாம். இரண்டாவது வகை வெந்த இட்லி. துண்டு போடலாம், அளந்து பார்க்கலாம், மிளகைத் திரும்ப எடுக்க முடியாது. மூன்றாவது வகை இட்லியின் மேல் காகிதம் ஒட்டி எடுத்த கூடு. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போவது ஒரு நொடி வேலை. திரும்பி வருவது பெரும்பாடு. எனவே செய்குறிப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது. எவருக்கு எதை அனுப்பினாலும் சொந்தக் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும்.

== ஸ்டெப் ==

வேறு விவரம் எதுவும் தெரியாத நிலையில் முப்பரிமாணப் பாகம் ஒன்றை அனுப்ப வேண்டுமென்றால் ஸ்டெப் கோப்பை அனுப்புங்கள். இது ஐஎஸ்ஓ 10303 என்னும் பன்னாட்டுத் தரம். 1984-இல் தொடங்கிய பணி, 1994-இல் முதல் தரமாக வெளிவந்தது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. பெரும்பாலான இயந்திர வடிவமைப்பு மென்பொருள்கள் இதைப் படிக்கும், எழுதும்.

ஸ்டெப்புக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. அவற்றைப் பயன்பாட்டு நெறிமுறை என்பார்கள். 203 என்பது பழையது. அதன் முதல் பதிப்பில் பாகத்தின் நிறம்கூட வராது. 214 வாகனத் தொழிலுக்காக எழுதப்பட்டது; நிறமும் அடுக்கும் வரும். இவ்விரண்டையும் இணைத்து 2014-இல் வந்தது 242. இதில் அளவு விலகல் வரம்புகளையும் வடிவத்தோடு சேர்த்து, கணினியே படித்தறியும்படி எழுதலாம். உங்கள் மென்பொருளில் மூன்றும் இருந்து, வாங்குபவர் எதுவும் சொல்லவில்லை என்றால் 214 பெரும்பாலும் தொல்லை தராது. எதிர்ப்பக்கம் 242-ஐப் படிக்கும் என்று தெரிந்தால் 242 நல்லது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஸ்டெப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். முதல் வரியில் ஐஎஸ்ஓ-10303-21 என்று இருக்கும். சில வரிகள் தள்ளி "ஃபைல் ஸ்கீமா" என்ற வரி வரும். அதில் "கான்ஃபிக் கன்ட்ரோல் டிசைன்" என்றிருந்தால் அது 203. "ஆட்டோமோட்டிவ் டிசைன்" என்றிருந்தால் 214. புதியதில் 242 என்ற எண்ணே இருக்கும். இன்னும் கீழே தேடினால் அலகு மில்லி, மீட்டர் என்று எழுதப்பட்டிருப்பதையும் காணலாம். கோப்பு தன் அலகைத் தானே சுமந்து செல்கிறது. தறிக் கோப்பில் இல்லாத அந்தச் செய்தி இங்கே இருக்கிறது.

ஸ்டெப்பில் வராதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். செய்முறை வரிசை வராது என்று முன்பே சொன்னேன். பட்டறையில் அடிக்கடி தலைவலி தருவது திருகு மரை. எம்8 மரையை மென்பொருளில் பெரும்பாலும் உண்மையான சுருளாக வரைவதில்லை. துளையின் மேல் ஓர் அலங்காரக் குறி மட்டும் போடுவார்கள். ஸ்டெப்பாக மாற்றும்போது அந்தக் குறி பல நேரங்களில் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 6.8 மி.மீ. விட்டமுள்ள ஒரு வெறும் துளை. அதைப் பார்த்த பட்டறைக்காரர் 6.8 துளை போட்டு அனுப்பினால் அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.

== ஐஜிஇஎஸ்: அட்டையின் எச்சம் ==

ஐஜிஇஎஸ், அமெரிக்காவில் 1980-இல் வெளிவந்த பரிமாற்ற வடிவம். 5.3 என்ற கடைசிப் பதிப்பு 1996-இல் வந்தது, அதன்பின் வளரவில்லை. எழுத்துக் கோப்பாகத் திறந்தால் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து நீளம் இருக்கும். 73-ஆம் இடத்தில் அது எந்தப் பகுதி என்று காட்டும் ஓர் எழுத்து இருக்கும். ஏன் 80? ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 நிரல்கள் இருந்தன. அந்தப் பழக்கம் கணினித் திரைக்கும் கோப்புக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. துளையட்டையைக் கணக்கிடும் பொறிக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் சார்லஸ் பாபேஜுக்கு ஜக்கார்டு தறியைப் பார்த்து வந்தது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித் அட்டைகளைக் கொண்டு எண்ணிக் காட்டினார். ஆக, லாரிப் பாகத்தின் ஐஜிஇஎஸ் கோப்புக்கும் பிள்ளையார்பாளையத்துத் தறி அட்டைக்கும் தூரத்து உறவு உண்டு.

உறவு இருந்தாலும் புதிய வேலைக்கு ஐஜிஇஎஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. பொதுவாக அது பரப்புகளைத் தனித்தனி விரிப்புகளாக அனுப்பும். திறக்கும் இடத்தில் அவை விளிம்போடு விளிம்பு பொருந்தாமல் மயிரிழை இடைவெளி விழும். மென்பொருளுக்கு அது திடப்பொருளாகத் தெரியாது. ஓட்டைப் பாத்திரமாகத் தெரியும். யாரோ உட்கார்ந்து தைத்து மூட வேண்டும். பழைய டை, மோல்டு பட்டறைகளில் பழைய மென்பொருள் இதை மட்டுமே ஏற்கும் என்றால் வேறு வழியில்லை, அப்போது மட்டும் கொடுக்கலாம்.

== எஸ்டிஎல்: வட்டம் எங்கே போயிற்று? ==

முப்பரிமாண அச்சு வந்த பிறகு மாணவர்கள் முதலில் பழகும் வடிவம் எஸ்டிஎல் ஆகிவிட்டது. 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்டீரியோலித்தோகிராஃபி இயந்திரத்துக்காக 1987-இல் உருவானது. அச்சிடுவதற்கு இது போதும். எல்லாவற்றுக்கும் இதையே அனுப்பும் பழக்கம்தான் ஆபத்து. அதை வெறும் அறிவுரையாகச் சொல்வதைவிடக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

எஸ்டிஎல்லில் வட்டம் கிடையாது. முக்கோணங்கள் மட்டுமே உள்ளதால் ஒவ்வொரு வட்டத் துளையும் பலகோணமாகிவிடும். பேரிங் உட்காரும் 50 மி.மீ. துளை ஒன்று 36 பக்கப் பலகோணமாக மாறியது என்க. ஆரம் 25. ஒரு பக்கம் மையத்தில் தாங்கும் கோணம் 10 பாகை. அதில் பாதி 5 பாகை. உண்மையான வட்டத்துக்கும் பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி 25 × (1 − கோசைன் 5°). கோசைன் 5° என்பது 0.9962. விடை சுமார் 0.095 மி.மீ.

மனிதக் கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் 50 எச்7 என்று குறித்த துளைக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த விலகலே 0.025 மி.மீ. மட்டும். பிழை அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பலகோணத்தின் முனைகள் வட்டத்தின்மேல் இருப்பதால் பக்கங்கள் துளைக்குள் புடைத்து நிற்கும், பேரிங் இறங்காது. பக்கங்களை 72 ஆக்கினால் பிழை 0.024 மி.மீ. ஆகக் குறையும், அதாவது மொத்த வரம்பையும் கோப்பே தின்றுவிடும், இயந்திரத்துக்கு எதுவும் மிச்சமில்லை. 180 ஆக்கினால் 0.004 மி.மீ. அளவுக்கு வரும். ஆனால் முக்கோணங்கள் பெருகும்போது கோப்பும் வீங்கும். இருமக் குறியீட்டு எஸ்டிஎல்லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட்டு. ஒரு லட்சம் முக்கோணம் என்றால் 50 லட்சம் பைட்டு. இதே துளையை ஸ்டெப் "இந்த அச்சில், 25 ஆரமுள்ள உருளை" என்று சில வரிகளில் முடித்துவிடும், பிழையே இல்லாமல்.

அடுத்தது அலகு. எஸ்டிஎல் கோப்பில் எண்கள் உண்டு, அலகு கிடையாது. 50 என்று எழுதியிருந்தால் அது 50 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 50 அங்குலமாகவும் இருக்கலாம். மில்லிமீட்டரில் வரைந்த கோப்பை அங்குலம் என்று எடுத்துக்கொண்ட மென்பொருளில் 50 மி.மீ. பாகம் 1,270 மி.மீ. ஆகிவிடும். இது நல்ல பிழை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெரிய பாகத்துக்குள் அடங்கும் சிறு பாகங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் அனுப்பும்போது ஒன்று மட்டும் மாறி வந்தால்தான் கண்டுபிடிப்பது கடினம். அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது நெசவாளரின் தலைக்குள் இருந்ததைப் போல, இங்கே அலகு அனுப்பியவரின் தலைக்குள் இருக்கிறது.

2015-இல் வந்த 3எம்எஃப் இந்தக் குறையைத் தீர்த்தது. அலகு, நிறம், பொருள் ஆகியவற்றை உள்ளேயே சுமக்கிறது. உங்கள் அச்சு இயந்திரத்தின் மென்பொருள் ஏற்குமானால் எஸ்டிஎல்லுக்குப் பதில் இதையே பயன்படுத்தலாம்.

== தகடு வெட்ட டிஎக்ஸ்எஃப் ==

லேசர், பிளாஸ்மா, வயர்கட், நீர்த்தாரை இவற்றுக்கு முப்பரிமாணக் கோப்பு தேவையில்லை. விரித்த தகட்டின் வெளிக்கோடு போதும். இங்கே அரசன் டிஎக்ஸ்எஃப். ஆட்டோகேடின் முதல் பதிப்போடு 1982-இல் வந்தது. ஆட்டோகேடின் சொந்தக் கோப்பான டிடபிள்யூஜி-யின் உள்ளமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிடுவதில்லை. டிஎக்ஸ்எஃப்பின் விளக்கத்தை வெளியிடுகிறது. அதனால்தான் சிறு நிறுவனங்களின் வெட்டும் இயந்திரங்களும் இதைப் படிக்கின்றன.

பதிப்பு முக்கியம். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆர்12 பதிப்பை மட்டும் ஏற்கும். ஆர்12-இல் வளைகோட்டு ஸ்ப்லைனும் நீள்வட்டமும் கிடையாது. அவை அடுத்த பதிப்பில் வந்தவை. எனவே அவை சிறு நேர்கோடுகளாக உடைக்கப்படும். உடைந்த கோடுகளின் மேல் லேசர் தத்தித் தத்திப் போகும், ஓரம் பல் பல்லாக வரும். முடிந்தவரை வட்ட வில்களாகவே வரைந்துவிடுவது நல்லது.

அனுப்புமுன் பார்க்க வேண்டியவை: அளவு ஒன்றுக்கு ஒன்றாக இருக்கிறதா, கோடுகள் மூடிய வளையமாக இருக்கின்றனவா, ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருக்கிறதா. கடைசியதுதான் பணத்தைத் தின்பது. திரையில் ஒரே கோடாகத் தெரியும். லேசர் இரண்டு முறை வெட்டும், விலைப்பட்டியலில் வெட்டு நீளம் இரட்டிக்கும். மடிப்புக் கோட்டை வேறு அடுக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் மடிக்க வேண்டிய இடத்தில் தகடு இரண்டு துண்டாக வந்து சேரும்.

== சொந்தக் கோப்பை எப்போது கொடுப்பது ==

இருவரிடமும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு இருந்து, இருவரும் சேர்ந்து வடிவமைக்கிறார்கள் என்றால் சொந்தக் கோப்பே சிறந்தது. பதிப்பு மாறினால் தகராறுதான்: புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு பொதுவாகத் திறக்காது.

மென்பொருள்கள் வேறாக இருந்தாலும் அடியில் உள்ள வடிவவியல் கரு ஒன்றாக இருக்கலாம். சாலிட்ஒர்க்ஸ், என்எக்ஸ், சாலிட்எட்ஜ் மூன்றுக்கும் பாராசாலிட்தான் கரு. இவற்றுக்கிடையே பாராசாலிட் கோப்பாக அனுப்பினால் மொழிபெயர்ப்பே நடப்பதில்லை. ஸ்டெப்பைவிடச் சுத்தமாகப் போய்ச் சேரும். கட்டியாவுக்கும் ஃப்ரீகேடுக்கும் கரு வேறு, அங்கே ஸ்டெப்பே வழி.

சொந்தக் கோப்பில் உங்கள் சிந்தனை முழுவதும் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். எந்த அளவிலிருந்து எது பிறந்தது என்று வாங்குபவர் பார்த்துவிடலாம். வெட்டிக் கொடுக்க மட்டும் வந்தவருக்கு அது தேவையில்லை. நெசவாளர் சேலையை விற்கிறார், அட்டைக் கட்டை விற்பதில்லை.

பதிப்பு வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஏர்பஸ் ஏ380 விமானம். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்த குழுக்கள் கட்டியாவின் 4-ஆம் பதிப்பிலும், பிரான்சிலும் பிரிட்டனிலும் இருந்தவை 5-ஆம் பதிப்பிலும் வேலை செய்தன. ஹாம்பர்க்கில் தயாரான மின்கம்பிக் கட்டுகள் துலூஸில் விமானத்துக்குள் பொருத்தும்போது நீளம் போதவில்லை. ஒரு விமானத்தில் இருந்த கம்பியோ சுமார் 530 கி.மீ. நீளம். வடிவமைப்பில் அடிக்கடி நேர்ந்த மாற்றங்களும் சேர்ந்துகொள்ள, 2006-இல் தாமதத்துக்கு மேல் தாமதம் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. இது ஒரே ஒரு விமானத்தின் கதை. அமெரிக்க வாகனத் தொழிலில் வடிவமைப்புத் தரவு சரியாகக் கைமாறாததால் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீணாகிறது என்று அந்நாட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் 1999-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

== டிராயிங் இன்னும் வேண்டுமா? ==

வேண்டும். 50 எச்7 துளை முப்பரிமாண மாதிரியில் 50.000 என்றே இருக்கும். எச்7 என்ற செய்தி 242 வகை ஸ்டெப்பில் முறையாக எழுதினால் ஒழிய வராது. பரப்பின் மென்மை, வெப்பப் பதம், மரை, எல்லாம் அப்படித்தான். ஆகவே ஸ்டெப்போடு ஒரு பிடிஎஃப் டிராயிங்கும் சேர்த்து அனுப்புவதே வழக்கம். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதை டிராயிங்கிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நம் நாட்டில் முதற்கோண வீழல் முறையில் வரைகிறோம். அமெரிக்க நிறுவனங்கள் மூன்றாங்கோண முறையில் வரைகின்றன. தலைப்புக் கட்டத்தில் உள்ள கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலை தொடங்கினால் இடது வலதாகிவிடும். மாதிரியும் டிராயிங்கும் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் ஐந்து நொடியில் தீரும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. நீங்கள் எழுதிய ஸ்டெப் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள், ஃப்ரீகேட் இலவசம். பாகத்தின் கன அளவை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அனுப்பலாம். வேறுபட்டால், அல்லது கன அளவே வரவில்லை என்றால், எங்கோ ஒரு பரப்பு விடுபட்டிருக்கிறது. கோப்பின் பெயரில் பாக எண்ணும் திருத்த எண்ணும் இருக்கட்டும். "ஃபைனல்", "புது ஃபைனல்", "ஃபைனல் கடைசி" என்ற பெயர்களால் எவருக்கும் பயனில்லை. பல சிஎன்சி கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குத் தமிழ் எழுத்துப் பெயர் படிக்க வராது. நம் மொழிமேல் எவ்வளவு பற்று இருந்தாலும் கோப்பின் பெயரை அவற்றுக்குத் தெரிந்த எழுத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது.

== இருபது ஆண்டு கழித்துத் திறக்க ==

விமானத் தொழிலில் ஒரு விமானம் பறக்கும் காலம் வரை அதன் கோப்புகள் திறக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். எந்த மென்பொருளும் அத்தனை ஆண்டு மாறாமல் இருப்பதில்லை. அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்டகாலச் சேமிப்புக்கு ஈஎன் 9300 என்னும் தரத்தை வகுத்து, ஸ்டெப்பை அதன் அடிப்படையாக வைத்தார்கள். நம் அளவில் செய்யக்கூடியது எளிது: சொந்தக் கோப்பு, ஸ்டெப் கோப்பு, நீண்டகாலச் சேமிப்புக்கென 2005-இல் தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவில் டிராயிங், மூன்றையும் ஒரே உறையில் வைப்பது.

இந்த இடத்தில் காஞ்சித் தறிகளுக்கும் ஒரு கவலை இருக்கிறது. கட்டத்தாளில் வரைந்த பழைய உருவம் தாள் இருக்கும் வரை படிக்கக்கூடியது. குத்திய அட்டைக் கட்டு அதே கொக்கி எண்ணிக்கையுள்ள எந்தப் பெட்டியிலும் ஓடும். இன்று உருவங்கள் கணினியில் பிறக்கின்றன. வடிவமைப்பு மையத்தின் மென்பொருள் உரிமம் முடிந்தாலோ, கடை மூடினாலோ, அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பில் மட்டும் இருக்கும் கோர்வைக் கரையும் முந்தானையும் அதோடு போய்விடும். உருவம் யாருடைய கைவேலையோ, கோப்பு அவர் கையில் திறக்கும்படி இருப்பதுதான் நியாயம். வடிவமைப்புக்குக் காசு கொடுக்கும் நெசவாளர் சுருக்கப்படாத பிட்மேப் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு சிறு எழுத்துக் கோப்பில் கொக்கி எண்ணிக்கை, அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை, கோப்பிலுள்ள எந்த நிறம் சரிகை, எந்த நிறம் பட்டு, உருவம் எந்த ஊடையில் தொடங்குகிறது, வரைந்த தேதி என்ன என்பவற்றை எழுதி, இரண்டையும் ஒரே பெயரில் இரண்டு இடங்களில் சேமித்து வைக்கலாம்.